டல் ரோஸ் முத்திரையும் கொழும்புக் கோட்டை நடைவழியும்

டல் ரோஸ் என்பது பிரித்தானிய ஆட்சிக்கால இலங்கையில் 1859 ஏப்ரல் 23 அன்று வெளியான நான்கு பென்ஸ் தபால் முத்திரை. மங்கிய ரோசா நிறத்தால் இப்பெயர் பெற்றது. இலங்கை முத்திரைகளில் மிக அரியதாகவும் விலை மிகுந்ததாகவும் சேகரிப்போர் மதிப்பது இதுவே. நல்ல நிலையில் உள்ள, பாவிக்கப்படாத பிரதியின் விலை பல்லாயிரம் பவுண். இதன் காலத்தோடும் இலங்கைத் தபால் வரலாற்றோடும் உறவுடைய இடங்கள் கொழும்பு கோட்டையிலும் புறக்கோட்டையிலும் அருகருகே உள்ளன. வழிகாட்டியுடன் ஒரு காலைப் பொழுதில் அவற்றை நடந்தே பார்க்கலாம்.

இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1 அன்று, ஆளுநர் சேர் ஹென்றி வார்டின் காலத்தில் வெளியானது. ஊதா கலந்த மண்ணிறத்தில் அமைந்த அந்த ஆறு பென்ஸ் முத்திரையை, 1840இல் உலகின் முதல் முத்திரையான பென்னி பிளாக்கை அச்சிட்ட லண்டன் பேர்கின்ஸ் பேக்கன் நிறுவனமே அச்சிட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வெவ்வேறு பெறுமதிகளில் முத்திரைகள் வந்தன. டல் ரோஸ் 1859இல் வந்த தொகுதியைச் சேர்ந்தது. விக்டோரியா மகாராணியின் தலை எண்கோணச் சட்டத்துக்குள் அமைந்திருக்கும். உருக்குத் தகட்டில் செதுக்கி, நட்சத்திர நீர்க்குறியுள்ள தாளில் அச்சிட்டார்கள். ஓரங்களில் துளைகள் கிடையாது. தபாற்கந்தோரில் கத்தரியால் வெட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதன் அருமைக்குக் காரணம் அந்தத் துளையின்மையிலேயே இருக்கிறது. 1861 முதல் துளையிட்ட தாள்கள் புழக்கத்துக்கு வந்ததால், துளையிடாத நான்கு பென்ஸ் முத்திரையின் ஆயுள் சுருங்கிப் போனது. இன்னொரு கேடு சேகரிப்போர் கையாலேயே நேர்ந்தது. எண்கோண வடிவத்தின் அழகில் மயங்கி நான்கு மூலைகளையும் வெட்டி எறிந்தவர்கள் பலர். அப்படி வெட்டப்பட்ட பிரதிக்கு மதிப்பு மிகக் குறைவு. நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் தாராளமாக இருப்பதே உயர்ந்த பிரதி. பின்னாளில் வந்த துளையிட்ட நான்கு பென்ஸ் முத்திரையின் ஓரத்தை நறுக்கிவிட்டு டல் ரோஸ் என்று விற்கவும் முடியும் என்பதால், ஓர அகலம், நீர்க்குறி, நிறம் மூன்றையும் நிபுணர் பார்த்துச் சான்றளித்த பின்னரே வாங்குவது வழக்கம். அச்சகத்தின் கதையும் நல்லபடி முடியவில்லை. குடியேற்ற நாடுகளின் முத்திரைகளை ‘இரத்து’க் குறி பதித்துத் தனிப்பட்டவர்களுக்குக் கொடுத்த விவகாரத்துக்குப் பின் பேர்கின்ஸ் பேக்கன் அந்த வேலையை இழந்தது, டி லா ரூ நிறுவனம் பொறுப்பேற்றது. 1872இல் நாணயம் ரூபாய், சதம் என்றானபோது பென்ஸ் முத்திரைகளின் காலமும் முடிந்தது.

டல் ரோஸ் புழங்கிய காலத்தில் வட இலங்கையின் வன்னிக்கு இம்முத்திரை எட்டாத பொருளாகவே இருந்திருக்கும். வட மாகாணத்தை அரசாங்க அதிபர் டைக் நிருவகித்த காலம் அது. வன்னியின் கிளிநொச்சி நகரம் அப்போது இல்லை. இரணைமடுக் குளம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டு, 1930களில் குடியேற்றம் வந்த பின்னரே அது வளர்ந்தது. டல் ரோஸ் காலத்தில் காடு சூழ்ந்த வழிகளில் தபாற்பையை ஓட்டக்காரர்கள் கைமாற்றிச் சுமந்தார்கள். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே 1905இல் நேரடி ரயில் ஓடத் தொடங்கியதும் வவுனியா தபாற்பாதையின் முக்கிய நிலையமாயிற்று. 1990இல் உள்நாட்டுப் போரால் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. போர்க்காலத்தில் வன்னிக்குக் கடிதம் வந்து சேர நாட்கள் நீண்டன. பிரிந்த குடும்பங்களுக்கிடையே செஞ்சிலுவைச் சங்கம் எடுத்துச் சென்ற திறந்த செய்திப் படிவங்களில் முத்திரையே இருக்கவில்லை. இடப்பெயர்வுகளில் காணி உறுதிகளோடும் புகைப்படங்களோடும் பழைய கடிதக் கட்டுகளும் அழிந்தன. தபால் வரலாற்றை எழுதுவோருக்கு இந்த இழப்பு ஈடுசெய்ய முடியாதது, ஏனெனில் ஒரு கடிதம் எந்த வழியால், எத்தனை நாளில் வந்தது என்பதை முத்திரையை விட உறையில் பதிந்த திகதிக் குறிகளே சொல்லும். ரயில் 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டது.

வடக்கிலிருந்து வருவோருக்கு நடைவழி இயல்பாகவே கோட்டை ரயில் நிலையத்தில் தொடங்கும். அங்கிருந்து புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் உள்ள ஒல்லாந்தர் கால அருங்காட்சியகம் கிட்டிய தூரம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் ரீ வாழ்ந்த இந்த வீடு 1932 முதல் புறக்கோட்டைத் தபாற்கந்தோராக இயங்கி, 1982இல் அருங்காட்சியகமாயிற்று. டல் ரோஸ் காலத்துக்கு இதனுடன் தொடர்பில்லை என்றாலும், தபால் பழைய கட்டடங்களில் எப்படிக் குடியிருந்தது என்பதை இங்கே காணலாம்.

கோட்டைக்குள் நுழைந்தால் மணிக்கூட்டுக் கோபுரம். ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்ட் வரைந்த வடிவப்படி 1857இல், முதல் முத்திரை வெளியான அதே ஆண்டில், இது கட்டி முடிந்தது. 1867இல் இதன் உச்சியில் வெளிச்சவீட்டு விளக்கு ஏற்றப்பட்டது. நடைவழியில் டல் ரோஸ் காலத்தை நேரில் கண்ட கட்டடமாக நம்பிக் காட்டத்தக்கது இதுவே. அன்று கோட்டையைச் சுற்றி மதில் நின்றது. 1869க்குப் பின்னரே அதை இடித்தார்கள். வெளிநாட்டுக் கடிதங்களும் கொழும்பில் கப்பல் ஏறவில்லை. நீராவிக் கப்பல்கள் காலித் துறைமுகத்துக்கே வந்தன. 1875இல் அலைதடுப்பு வேலை தொடங்கி முன்னேறிய பின்னரே அந்த இடம் கொழும்புக்கு மாறியது.

கோபுரத்துக்கு அருகே ஜனாதிபதி மாளிகைக்கு எதிரில் வெள்ளை நிறத்தில் நிற்பது 1895இல் திறந்த பழைய பிரதான தபால் நிலையம். போர்க்காலப் பாதுகாப்புக் காரணங்களால் தபால் சேவை இங்கிருந்து வெளியேறியது. வீதியும் நெடுங்காலம் பொதுமக்களுக்கு மூடிக் கிடந்தது. நடைவழி டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள அஞ்சல் தலைமையகத்தில் நிறைவடைகிறது. தபால் அருங்காட்சியகம் இயங்குவதும் அங்கேதான்.