கஞ்சிக்கு விலை கேட்காதவர்கள்

2005 ஆம் ஆண்டின் முற்பகுதி. ஆழிப்பேரலை ஓய்ந்து சில வாரங்களே கழிந்திருந்த வேளையில், கிழக்கிலங்கைக் கரையோர முகாமொன்றில் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுத் திருச்சபையொன்று அனுப்பிய நிவாரணப் பொதிகள் பகிர்ந்தளிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. வரிசையில் நின்ற மூதாட்டி ஒருவர் என்னை அருகே அழைத்து, "மனே, இத வாங்கினா பிறகு நம்மளிட்ட என்ன கேப்பாங்க?" என்று தாழ்ந்த குரலில் வினவினார். கொடுத்தவர்கள் எதையும் கேட்கவில்லை. ஒரு பெயரைப் பதிந்துகொண்டு பொதியைக் கையளித்தார்கள், அவ்வளவுதான். ஆயினும் அம்மூதாட்டியின் ஐயம் காரணமற்றதன்று. மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலமொன்று 2004 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்தான் நமது பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டிருந்தது. உதவிக்கும் மதத்துக்கும் இடையிலான உறவு நாடு முழுவதும் சர்ச்சைக்குள்ளாகியிருந்த காலம் அது.

அக்கேள்வி பல ஆண்டுகள் என்னோடு இருந்தது. அதற்கு வரலாற்றில் ஒரு விடையைத் தேடியபோது, 1840களின் அயர்லாந்துக்குச் சென்று சேர்ந்தேன்.

1845 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒருவகை அழுகல் நோய் தாக்கியது. மறு ஆண்டு அந்நோய் ஏறத்தாழ முழு விளைச்சலையும் அழித்தது. நாட்டு மக்களில் முப்பது இலட்சம் பேரளவில் உருளைக்கிழங்கையே முழு உணவாகக் கொண்டிருந்தவர்கள். அவர்களிற் பெரும்பாலோர் பிறருடைய நிலத்தில் துண்டுக் காணி எடுத்துப் பயிரிட்டு, குத்தகை செலுத்த இயலாதபோது வெளியேற்றப்படும் நிலையில் வாழ்ந்தவர்கள். தானியமும் கால்நடையும் அப்போதும் அந்நாட்டிலிருந்து ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. வாங்குவதற்குத்தான் ஏழைகளிடம் பணமில்லை. 1841 இல் எண்பது இலட்சத்தைத் தாண்டியிருந்த குடித்தொகை, 1851 இல் அறுபத்தைந்து இலட்சமளவில் வந்து நின்றது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்ட தொகையினர் கப்பலேறினர்.

இந்தப் பேரழிவின் நடுவே முன்வந்தவர்களுள் மிகச் சிறிய கூட்டத்தினர் குவேக்கர்கள். நண்பர்கள் சமயச் சங்கம் என்பது அவர்களது முறையான பெயர். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜோர்ஜ் பொக்ஸ் என்பவரின் போதனையால் தோன்றிய சபை அது. ஞானஸ்நானம் இல்லை, சம்பளம் பெறும் குருமார் இல்லை. மௌனமாக அமர்ந்திருப்பதே அவர்களது வழிபாடு. அயர்லாந்து முழுவதிலும் அவர்கள் மூவாயிரம் பேரளவிலேயே இருந்தனர். பெரும்பாலும் வணிகர்கள். அரச திருச்சபைக்குச் செலுத்த வேண்டிய தசமபாகத்தை மனச்சாட்சியின் பேரில் மறுத்து, அதன் காரணமாகத் தமது உடைமைகளைப் பறிகொடுத்த மரபினர். கத்தோலிக்கக் குடியானவன் எந்தத் திருச்சபைக்கு வரி கட்ட நேர்ந்ததோ, அதே திருச்சபையால் இவர்களும் துன்புற்றிருந்தனர் என்பது கவனத்திற் கொள்ளத்தக்கது.

1846 நவம்பரில் டப்ளின் நகரில் அவர்கள் மத்திய நிவாரணக் குழுவொன்றை அமைத்தனர். ஜோசப் பியூலி, ஜொனதன் பிம் ஆகிய இருவரும் அதன் செயலாளர்கள். இலண்டனிலுள்ள சபையினரும் தமக்கென ஒரு குழுவை அமைத்து நிதி திரட்டினர். பணம் அனுப்புவதற்கு முன்னர் உண்மை நிலையைக் கண்டறிய வேண்டுமென்று கருதிய இங்கிலாந்துக் குவேக்கர்கள், நோரிச் நகரைச் சேர்ந்த வில்லியம் போஸ்டர் என்பவரை அனுப்பினர். அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. நவம்பர் இறுதியில் புறப்பட்ட அவர், கடுங்குளிர்காலத்தில் டொனகல், மேயோ, கோல்வே உள்ளிட்ட மேற்குப் பிரதேசங்களை ஊர் ஊராகச் சுற்றினார். யோர்க் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹக் டியூக் உட்பட இளையோர் சிலர் அவருக்குத் துணையாகச் சென்றனர். 1847 ஜனவரியில் அவருடைய மகன் வில்லியம் எட்வேர்ட் போஸ்டரும் வந்து சேர்ந்துகொண்டார். அவர்கள் எழுதிய அறிக்கைகள் அச்சிடப்பட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவின. பத்திரிகைத் தொழிலில் வாழ்ந்தவன் என்ற வகையில், அவ்வறிக்கைகளின் அடக்கமான நடையை நான் வியந்திருக்கிறேன். கண்டதை எழுதினார்கள், எந்த ஊர், எத்தனை குடும்பம், என்ன உண்கிறார்கள் என்று எழுதினார்கள். படித்தவர்களின் மனத்தை அசைக்க அதுவே போதுமாயிருந்தது.

கடல் கடந்த சபைகள் அசைந்தன. அமெரிக்காவில், அயர்லாந்திற் பிறந்து நியூயோர்க்கில் வணிகராக வாழ்ந்த ஜேக்கப் ஹார்வி என்ற குவேக்கர் பெருமுயற்சி எடுத்தார். குவேக்கர் சபைகள் மட்டுமன்றிப் பிற சமயத்தவர்களும் தமது கொடைகளை டப்ளின் குழுவிடமே ஒப்படைக்கலாயினர். சோளமும் மாவும் ஏற்றிய கப்பல்கள் தொடர்ந்து வந்தன. அவற்றின் கப்பற்கூலியைப் பிரித்தானிய அரசு ஏற்றது. குழுவினர் கையாண்ட உதவியின் மொத்தப் பெறுமதி ஏறத்தாழ இரண்டு இலட்சம் பவுண். அதிற் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது.

அவர்கள் செய்த வேலையின் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில், கஞ்சி காய்ச்சும் பெரிய கொப்பரைகளை ஏறத்தாழ முந்நூறு அளவில் நாடெங்கும் அனுப்பினர். ஊர்தோறும் பொறுப்பானவர்களைத் தெரிந்து, கத்தோலிக்கக் குருவானவராயினும் புரட்டஸ்தாந்துப் போதகராயினும் அவர்கள் வழியாகவே உணவைப் பகிர்ந்தனர். பெறுபவர் எந்தச் சமயத்தவர் என்று கேட்கக் கூடாது என்பது விதி. 1847 இன் தொடக்கத்தில் அரசு கஞ்சித்தொட்டிச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, குவேக்கர்கள் காட்டிய வழியே நாடு முழுவதற்கும் விரிந்தது எனலாம். அவ்வாண்டு ஜூலையில் நாளொன்றுக்கு முப்பது இலட்சம் பேருக்கு மேல் உணவு பெற்றனர். பட்டினியைத் தடுக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் இலையுதிர் காலம் வந்ததும் அரசு அத்திட்டத்தை மூடிவிட்டது.

இதற்கு மாறாக, வேறு சில சமயப் பரப்புரையாளர்கள் தமது வேதபாடசாலைக்கு வரும் பிள்ளைகளுக்கே கஞ்சி என்று நிபந்தனையிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். கஞ்சி குடித்து மதம் மாறியவர் என்ற வசைச்சொல் அயர்லாந்தின் கிராமங்களிற் பல தலைமுறைகளாக நிலைத்தது. அந்த வசை குவேக்கர்களை ஒட்டவேயில்லை. பஞ்சத்தைப் பற்றிய மக்களின் நினைவில் அவர்கள் நன்றியுடனேயே பேசப்படுகின்றனர். நமது மூதாட்டி கேட்ட கேள்விக்கு அவர்களிடம் இருந்த விடை, "ஒன்றும் கேட்க மாட்டோம்" என்பதே.

கஞ்சி ஊற்றுவது மட்டும் போதாது என்பதையும் அவர்கள் விரைவிலேயே உணர்ந்தனர். கோல்வேயின் கிளாடா மீனவர்கள் பசிக்காக வலைகளை அடகு வைத்துவிட்டு, மீன் நிறைந்த கடலின் கரையில் பட்டினி கிடந்தனர். வலையை மீட்கக் குவேக்கர்கள் கடன் கொடுத்தனர். உருளைக்கிழங்குக்கு மாற்றாக டேர்னிப் முதலிய பயிர்களின் விதைகளை வழங்கினர். மீன்பிடி நிலையங்களையும் மாதிரிப் பண்ணையொன்றையும் தொடங்கினர். இவற்றுட் சில பயன் தந்தன. மீன்பிடி நிலையங்கள் பெரும்பாலும் தோல்வியுற்றன. ஆழிப்பேரலையின் பின்னர், கடலுக்குப் பொருந்தாத படகுகள் கரையில் கிடந்து வெடித்ததைப் பார்த்த நமக்கு இது புதிதன்று. அவர்கள் தமது தோல்விகளை மறைக்காமல் 1852 இல் வெளியிட்ட அறிக்கையில் பதிவுசெய்தார்கள் என்பதுதான் புதிது.

விலையும் கொடுத்தார்கள். கோர்க் நகரில் நிவாரணப் பணியாற்றிய ஏப்ரகாம் பீல் 1847 இல் காய்ச்சலுக்கு இரையானார். ஜேக்கப் ஹார்வி 1848 இல் காலமானார். ஜோசப் பியூலி 1851 இல் மறைந்தார். ஜொனதன் பிம் வேலைப்பளுவினால் உடல்நலம் குன்றினார்.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த நிகழ்வு 1849 ஜூன் மாதத்தில் நடந்தது. நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்திய திறைசேரி அதிகாரி சார்ள்ஸ் ட்ரெவெலியன், பஞ்சம் முடிந்துவிட்டதென்னும் தோரணையில் 1848 இன் தொடக்கத்திலேயே எழுதியிருந்தவர். அவ்வாண்டே சேர் பட்டமும் பெற்றவர். மேற்கில் மக்கள் இன்னும் மடிந்துகொண்டிருந்த நிலையில், குவேக்கர்கள் மீண்டும் களமிறங்குவதானால் பிரதமர் ஜோன் ரஸல் பிரபு நூறு பவுண் தருவார் என்று அவர் குழுவுக்கு எழுதினார். குழு மறுத்தது. நாட்டின் நிலை முன்னையிலும் மோசமடைந்துள்ளது, இதைத் தாங்கும் ஆற்றல் தனியார் கொடைக்கு இல்லை, அரசு ஒன்றினாலேயே தேவையான நிதியைத் திரட்ட முடியும் என்பதே அவர்கள் அனுப்பிய பதிலின் சாரம். நிலவுடைமை முறை மாறாமல் எந்த நிவாரணமும் நிலைக்காது என்றும் அவர்கள் உறுதியாக நம்பினர்.

கொடுக்கும் கையே கொடுக்க மறுத்தது கொடுமையல்லவா என்று சிலர் கேட்கலாம். நானும் தயங்கினேன். ஆனால் அந்த நூறு பவுணை வாங்கியிருந்தால், அரசு தன் கடமையைக் கைவிட்டதை மறைக்கும் திரையாக அவர்களின் நற்பெயர் பயன்பட்டிருக்கும். தர்மம் எவ்விடத்தில் முடிந்து நீதி எவ்விடத்தில் தொடங்க வேண்டும் என்பதை அறிந்தவர்களின் மறுப்பு அது. பின்னாளில் ஜொனதன் பிம் 1865 இல் டப்ளினின் பாராளுமன்ற உறுப்பினரானது அதே சிந்தனையின் தொடர்ச்சியே.

எல்லோரும் அவ்வழியில் நிலைக்கவில்லை. தந்தையோடு பனியில் நடந்து பட்டினியைக் கண்டெழுதிய இளைஞர் வில்லியம் எட்வேர்ட் போஸ்டர், 1880 இல் அயர்லாந்தின் தலைமைச் செயலாளராகி, அதே மக்களின் நிலப் போராட்டத்தை அடக்குமுறைச் சட்டத்தால் எதிர்கொண்டு, "பக்ஷொட்" என்ற துப்பாக்கிக் குண்டின் பெயரால் வசைபாடப்பட்டார். ட்ரெவெலியனோ 1859 இல் சென்னை ஆளுநராக வந்தார். அவர் போன பின்னும் அவரது சிந்தனை போகவில்லை. 1877 இல், சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியபோது, உழைப்பாளிக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியம் போதும் என்று சேர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்கிட்டதில் அதே குரல் ஒலித்தது. அப்பஞ்சத்துக்குத் தப்பி இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர்.

1947 இல், அயர்லாந்தின் மிகக் கொடிய ஆண்டெனப்படும் 1847 க்குச் சரியாக நூறு ஆண்டுகளின் பின், பிரித்தானிய, அமெரிக்கக் குவேக்கர்களின் தொண்டு அமைப்புகள் இரண்டுக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அந்த மூதாட்டியை நான் மீண்டும் சந்திக்கவில்லை. அன்று நான், "ஒன்றும் கேட்க மாட்டாங்க அம்மா, வாங்குங்க" என்றுதான் சொன்னேன். அது எனது நம்பிக்கை மட்டுமே; உறுதி சொல்லும் அதிகாரம் எனக்கிருக்கவில்லை. கொடுப்பவர்கள் எவராயினும், வரிசையில் நிற்பவரின் மனத்தில் அக்கேள்வி எழும் என்பதை அறிந்தே கொடுக்க வேண்டும். விடையைச் சொல்லால் அன்றி நடத்தையால் காட்ட வேண்டும். மூவாயிரம் பேர் கொண்ட ஒரு சபை அதைச் செய்து காட்டியிருக்கிறது.