போர் முடிந்த நாட்களில் பயிற்சியில் உயிரிழந்த நாயக் கிர்பா ராம்

1945 செப்டம்பர் 12-ஆம் தேதி, சிங்கப்பூரில் ஜப்பானியத் தளபதி மவுண்ட்பேட்டனிடம் சரண் பத்திரத்தில் கையெழுத்திட்டார். டோக்கியோ விரிகுடாவில் ஜப்பான் சரணடைந்து அதற்குள் பத்து நாட்கள் ஆகியிருந்தன. எதிரி என்று சொல்ல எவரும் மிஞ்சாத அந்த நாளில்தான், தென்னிந்தியாவில் ஒரு ராணுவ ஓய்வு முகாமில் நடந்த பயிற்சியில் கிர்பா ராம் என்ற இளம் வீரர் உயிரிழந்தார்.

அந்த இடத்தின் பெயர் தொண்டேபாவி. நம் மாரண்டஹள்ளியில் ரயில் ஏறி பெங்களூர் போய், அங்கிருந்து கௌரிபிதனூர் செல்லும் பாதையில் பயணித்தால் வழியில் இந்த ஊரைப் பார்க்கலாம். இவ்வளவு அருகில் நடந்திருந்தும் நம் பக்கத்தில் இதைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு.

கிர்பா ராம் இன்றைய இமாச்சலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் பகுதியைச் சேர்ந்தவர். 13-ஆவது ஃப்ரன்டியர் ஃபோர்ஸ் ரைஃபிள்ஸ் படைப்பிரிவின் எட்டாவது பட்டாலியனில் நாயக்காக இருந்தார். அவர் பெரிய அதிகாரி அல்லர். நாயக் என்பது ஒரு சிறு பிரிவை, அதாவது பத்துப் பேர் அளவிலான குழுவை, நடத்திச் செல்லும் பதவி. பதவி சிறியதானாலும் அந்தச் சிலரின் உயிருக்கு நேரடிப் பொறுப்பு அவருடையதே.

அன்று அவருடைய பிரிவு துப்பாக்கியிலிருந்து எறிகுண்டு ஏவும் பயிற்சியில் இருந்தது. துப்பாக்கிக் குழலின் முனையில் கிண்ணம் போன்ற ஒரு கருவியைப் பொருத்தி, அதில் குண்டை வைத்து, தோட்டா இல்லாத வெடியைச் சுட்டால் குண்டு தொலைவில் போய் விழும். அக்காலத்தில் இந்தியப் படையில் பரவலாக இருந்தது 36-ஆம் எண் எறிகுண்டு. கையால் எறிவதற்கு நான்கு விநாடித் திரியும், துப்பாக்கியால் ஏவுவதற்கு ஏழு விநாடித் திரியும் அதில் வைப்பார்கள். குண்டு சரியாகப் பறந்தால் ஆபத்தில்லை. பாதியில் விழுந்துவிட்டாலோ, மிச்சமிருப்பது சில விநாடிகள் மட்டுமே.

அன்று நடந்ததும் அதுதான். பிரிவில் ஒருவர் ஏவிய குண்டு, வீரர்கள் இருந்த இடத்திலிருந்து சுமார் எட்டு கெஜ தூரத்திலேயே விழுந்துவிட்டது. மற்றவர்களைப் பின்வாங்கி மறைந்துகொள்ளச் சொல்லிக் கத்திக்கொண்டே கிர்பா ராம் முன்னால் ஓடினார். குண்டைக் கையில் எடுத்து ஆபத்தில்லாத பக்கம் வீச முயன்றபோது அது வெடித்தது. அவர் உயிரிழந்தார். அவருடைய ஆட்களில் இருவருக்குச் சிறு காயம் ஏற்பட்டது. மற்றவர்கள் தப்பினார்கள்.

பயிற்சியில் நேர்ந்த மரணங்களை 'விபத்து' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது எங்கும் உள்ள வழக்கம். குண்டு குறைவாகப் பறந்தது விபத்து என்பது சரி. ஆனால் அதை நோக்கி ஒருவர் ஓடியதை எப்படி விபத்து என்று சொல்வது? அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டது. 1946 மார்ச்சில் அறிவிப்பு வெளியானது. வைஸ்ராய் வேவல் பிரபுவின் கையிலிருந்து அதைப் பெற்றுக்கொண்டவர் அவருடைய இளம் மனைவி.

விக்டோரியா கிராஸ் எதிரிக்கு முன்னால் காட்டும் வீரத்துக்கு உரியது. எதிரி எதிரில் இல்லாத இடத்தில் காட்டும் அதற்கு நிகரான துணிச்சலுக்காக, லண்டன் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த 1940 செப்டம்பரில், மன்னர் ஆறாம் ஜார்ஜ் ஏற்படுத்தியது ஜார்ஜ் கிராஸ். சுதந்திர இந்தியாவில் பரம் வீர் சக்ராவுக்கும் அசோக் சக்ராவுக்கும் உள்ள வேறுபாடும் ஏறக்குறைய இதுதான்.

இந்தப் பதக்கம் நேரடியாக வழங்கப்பட்ட முதல் இந்தியர் ஒரு தமிழர். காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் படையினர். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி ஒன்றின் மேல் விழுந்து தன்னுடன் இருந்தவர்களைக் காத்தார். ஹாங்காங்கில் ஜப்பானியரின் சித்திரவதைக்குப் பணியாமல் 1943-இல் கொல்லப்பட்ட கேப்டன் மதீன் அகமது அன்சாரியும், ஜாவாவில் எரியும் வாகனத்திலிருந்து சக வீரர்களை மீட்டு 1946-இல் உயிர்விட்ட ஹவில்தார் அப்துல் ரஹ்மானும் இதே பதக்கத்தைப் பெற்றவர்கள்.

பயிற்சியில் உயிரிழப்பு என்பது நம் படைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1942 ஏப்ரலில் இங்கிலாந்தின் இம்பர் என்ற இடத்தில் விமானத் தாக்குதல் ஒத்திகை நடந்தது. விமானி ஒருவர் இலக்கு என்று நினைத்துப் பார்வையாளர்களாக நின்ற ராணுவத்தினரையே சுட்டுவிட்டார். 25 பேர் இறந்தார்கள், 71 பேர் காயமடைந்தார்கள்.

1947-இல் நாடு பிரிந்தபோது, பட்டாணியர், பஞ்சாபி முஸ்லிம்கள், சீக்கியர், டோக்ராக்கள் என்று பலரும் ஒன்றாகப் பணியாற்றிய கிர்பா ராமின் படைப்பிரிவு பாகிஸ்தானுக்குப் போனது. அவருடைய ஊர் இந்தியாவில் இருந்தது. அந்தப் பதக்கம் மனைவியின் வீட்டில் இருந்தது. 2002-இல் அது திருட்டுப் போனது. 2009-இல் லண்டனில் ஓர் ஏலப் பட்டியலில் அதே பதக்கம் தென்பட, விவரம் தெரிந்து விற்பனை நிறுத்தப்பட்டது. அப்போது அந்த மனைவி முதுமையில் இமாச்சலத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார்.