சிபியூ ஃபேன் சத்தம் காதைத் துளைக்குதா? கரண்ட் எவ்வளவு இழுக்கும்? பெட்டியில் இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் காதில் விழுவது ஃபேன் சத்தம்தான். கேம் ஓப்பன் செய்தாலோ வீடியோ எடிட்டிங் ஓடவிட்டாலோ அது 'உய்ய்' என்று ஏறும். சத்தம் கூடினால் கரண்ட் பில்லும் கூடுமோ என்ற சந்தேகம் பலருக்கும் வரும். சரி, புது ஃபேன் வாங்கலாம் என்று கடைக்குப் போனால் பெட்டி முழுக்க ஆர்பிஎம், டெசிபல், ஆம்பியர் என்று எண்கள். இதில் எதை எதோடு ஒப்பிடுவது?

பில்லை ஏத்துவது ஃபேனா?

முதலில் கரண்ட் கணக்கைப் பார்த்துவிடலாம். டெஸ்க்டாப் கேபினட்டில் மாட்டும் 120 மில்லிமீட்டர் ஃபேன் 12 வோல்ட்டில் ஓடும். நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆம்பியர் அளவு போட்டிருக்கும். அதை 12-ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். 0.15 ஆம்பியர் என்றால் 1.8 வாட். ஸ்டிக்கரில் இருப்பது பெரும்பாலும் அதிகபட்ச அளவுதான், சாதாரணமாக ஓடும்போது அதைவிடக் குறைவாகவே இழுக்கும்.

ஃபேனுக்கு 2 வாட் வீதம் மூன்று ஃபேன், தினமும் 8 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 நாளைக்குக் கூட்டினால் சுமார் 1.4 யூனிட். அவ்வளவுதான்! இதே கம்ப்யூட்டரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், அது முழு வேகத்தில் 450 வாட் இழுக்கும். ஃபேன்கள் மாதம் முழுக்கச் சாப்பிடும் கரண்ட்டை அந்தக் கார்டு மூன்றே கால் மணி நேரத்தில் முடித்துவிடும். கலர் கலராக எரியும் ஃபேனில், விளக்குகளை முழு வெள்ளையில் எரியவிட்டால் மோட்டாரைவிட எல்இடி அதிகம் இழுப்பதும் உண்டு.

ஆக, வீட்டுக் கம்ப்யூட்டரில் கரண்ட்டை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. பிரச்னை சத்தம்தான். ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே விஷயம்: வேகம்.

வேகம் இரண்டு மடங்கானால்...

ஃபேனின் சுழல் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் காற்றும் இரண்டு மடங்காகும். காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். இழுக்கும் மின்சாரமோ எட்டு மடங்காகும். சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். இது ஃபேன் இன்ஜினியரிங்கில் அடிப்படைக் கணக்கு, தொழிற்சாலை புளோயர் முதல் லேப்டாப் ஃபேன் வரை பொருந்தும். நிஜ ஃபேன்களில் எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

எவ்வளவு முன்னே பின்னே என்பதற்கு ஆஸ்திரியாவின் நோக்டுவா நிறுவனத்தின் இரண்டு ஃபேன்களே நல்ல உதாரணம். இரண்டுமே 120 மில்லிமீட்டர், ஒரே எஃப்12 குடும்பம். சாதாரண என்எஃப்-எஃப்12 மாடல் 1500 ஆர்பிஎம்-இல் சுற்றி, மணிக்கு 93.4 கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது. மின்சாரம் 0.6 வாட், சத்தம் 22.4 டெசிபல். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான இண்டஸ்ட்ரியல் பிபிசி மாடல் சரியாக இரண்டு மடங்கு, அதாவது 3000 ஆர்பிஎம். காற்றும் சரியாக இரண்டு மடங்கு, 186.7 கன மீட்டர். ஆனால் மின்சாரம் 3.6 வாட், ஆறு மடங்கு. சத்தம் 43.5 டெசிபல்.

இப்போது சாதாரண மாடல் இரண்டை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால்? காற்று அந்தப் பெரிய ஃபேன் தரும் அளவேதான். மின்சாரம் 1.2 வாட், மூன்றில் ஒரு பங்கு. சத்தம் 22.4-ஐ இரண்டால் பெருக்கி 44.8 என்று போட்டுவிடக் கூடாது. டெசிபல் கணக்கில் ஒரே அளவு சத்தம் இரண்டு சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். மொத்தம் சுமார் 25.4. அதே காற்று, ஆனால் 18 டெசிபல் குறைவு! 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும் என்பார்கள்.

அதனால் இரண்டு ஃபேன்களை ஒப்பிடும்போது ஃபுல் ஸ்பீடில் எவ்வளவு சத்தம் என்று பார்ப்பதில் பெரிய பயனில்லை. ஒரே அளவு காற்றைத் தள்ளும்போது எது குறைவாகச் சத்தம் போடுகிறது, எது குறைவாக இழுக்கிறது என்பதே நியாயமான ஒப்பீடு. இடம் இருந்தால் 120-க்குப் பதில் 140 மில்லிமீட்டர் ஃபேன் போடச் சொல்வதும் இதனால்தான். பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தந்துவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும். மெதுவான ஃபேனில் அழுத்தம் குறைவு. மேலே சொன்ன இரண்டில் சாதாரண மாடலின் அழுத்தம் 2.61 மில்லிமீட்டர் நீர் அளவு, பெரியதில் 7.63. லிக்விட் கூலரின் ரேடியேட்டர் வழியாகவோ, தூசி ஃபில்டர் வழியாகவோ காற்றைத் தள்ள அழுத்தம் வேண்டும். எதிரில் தடை இருந்தால் பெட்டியில் போட்டிருக்கும் கன மீட்டர் அளவு அப்படியே கிடைக்காது.

டெசிபல் எண்ணை எந்த அளவு நம்பலாம்?

பெட்டியில் போட்ட டெசிபல், எதிரொலி இல்லாத தனி அறையில், பொதுவாக ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தது. கேபினட் மேஜை மேலே, காதிலிருந்து அரை மீட்டரில் இருந்தால் அதோடு 6 டெசிபல் சேர்த்துக்கொள்ள வேண்டும். கேபினட்டின் கம்பி வலை, காற்றுப் பாதையில் தொங்கும் வயர் எல்லாம் தனியாகச் சத்தம் சேர்க்கும். எந்தத் தூரத்தில் அளந்தது என்றே சொல்லாத பெட்டியில் '18 டெசிபல்' என்று இருந்தால், அதை இன்னொரு கம்பெனி எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

சில கம்பெனிகள் டெசிபலே போடுவதில்லை. ஆர்க்டிக் நிறுவனம் பி12 ஃபேனுக்கு 0.3 சோன் என்று போடுகிறது. சோன் என்பது காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதற்கான அளவு. இரண்டு சோன் என்றால் ஒரு சோனைவிட இரண்டு மடங்கு உரக்கக் கேட்கும். சோனை நேரடியாக டெசிபலாக மாற்ற முடியாது.

போன் ஆப் வைத்து அளந்து பார்க்கலாமே என்று தோன்றலாம். அமைதியான அறையிலேயே 30 டெசிபல் அளவுக்குச் சத்தம் இருக்கும். தலைக்கு மேலே சீலிங் ஃபேன் ஓடினால் கேட்கவே வேண்டாம். 22 டெசிபல் ஃபேனை போன் மைக் பிடிக்கவே பிடிக்காது.

எண்ணில் வராத இன்னொன்று, சத்தத்தின் குணம். ஏழு இறக்கை ஃபேன் 1500 ஆர்பிஎம்-இல் சுற்றினால் நொடிக்கு 175 முறை இறக்கை கடந்து போகும். அது அடங்கிய 'உம்' சத்தம். சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றினால் அது கீச்சென்ற விசில் ஆகிவிடும். டெசிபல் ஒன்றே ஆனாலும் இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

சர்வர் அறையில் கதையே வேற

வீட்டில் 1.4 யூனிட் என்று சிரித்த விஷயம் சர்வர் அறையில் சிரிப்பு இல்லை. ரேக்கில் அடுக்கும் ஒல்லியான சர்வரின் உயரம் 4.4 சென்டிமீட்டர்தான். உள்ளே 40 மில்லிமீட்டர் ஃபேனைத் தவிர வேறு எதுவும் நுழையாது. அந்தக் குட்டி ஃபேன் போதுமான காற்றைத் தள்ள 15,000 ஆர்பிஎம்-க்கு மேல்கூட சுற்ற வேண்டியிருக்கும். ஒன்று 10 வாட் இழுத்தாலும் ஆறு ஃபேனுக்கு 60 வாட். 24 மணி நேரமும் ஓடினால் ஒரு சர்வரின் ஃபேன்களுக்கு மட்டும் வருடத்துக்கு 525 யூனிட். நூறு சர்வர் இருந்தால் 52,500!

இங்கேதான் அந்த எட்டு மடங்கு கணக்கு எதிர்ப்பக்கம் உதவும். ஃபேன் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்று அமெரிக்க ஏசி இன்ஜினியர்கள் அமைப்பான ஆஷ்ரே பரிந்துரைக்கிறது. ஏசி செலவை மிச்சப்படுத்த 27-ஐத் தாண்டவிட்டால் சர்வர் ஃபேன்கள் வேகமெடுக்கும், மிச்சப்படுத்தியதை அவையே சாப்பிட்டுவிடும்.

இருக்கும் ஃபேனையே அமைதியாக்க...

புது ஃபேன் வாங்கும் முன் பயாஸ் செட்டிங்கைத் திறந்து பார்ப்பது நல்லது. நான்கு பின் ஃபேன் என்றால் பிடபிள்யூஎம் முறையிலும், மூன்று பின் என்றால் வோல்டேஜைக் குறைத்தும் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். எந்த வெப்பநிலையில் எந்த வேகம் என்பதை அங்கே வரைபடமாக மாற்றலாம். ஃபேன் சட்டென்று ஏறி இறங்குவதுதான் எரிச்சல் என்றால், சில நொடி தாமதம் வைக்கும் வசதி பல மதர்போர்டுகளில் உண்டு.

வேகத்தைக் குறைத்த பிறகு, அதிக லோடு கொடுத்து வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். ரைசன் 7000 வரிசையின் பல டெஸ்க்டாப் பிராசஸர்களின் உச்ச வரம்பு 95 டிகிரி. அதைத் தொட்டால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மதர்போர்டின் ஒரு ஃபேன் கனெக்டர் பொதுவாக 1 ஆம்பியர் வரைதான் தாங்கும். ஸ்பிளிட்டர் போட்டு 0.3 ஆம்பியர் ஃபேன் மூன்று மாட்டலாம், நான்காவது மாட்டினால் வரம்பு தாண்டிவிடும். ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியர் எண் வீட்டுக்காரருக்கு உண்மையில் தேவைப்படும் இடம் இதுதான்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேன் திடீரென்று சத்தம் கூட்டினால் முதல் சந்தேகம் தூசி மேல்தான். ஹீட்சிங்க் இடுக்கில் தூசி அடைத்தால் சூடு இறங்காது, ஃபேன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். புளோயர் வைத்து ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெட்டுவிடும். சுத்தம் செய்த பிறகும் 'கரகர' என்று கேட்டால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். செட்டிங் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது, ஃபேனைத்தான் மாற்ற வேண்டும்.