விடுதலை செய்தல் (சட்டம்)

குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று விசாரணையின் முடிவில் நீதிமன்றம் தீர்ப்பளிப்பதே சட்டத்தில் விடுதலை செய்தல். 'நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது' என்பது செய்தித்தாள் வழக்கு.

தமிழகம் மறக்காத எடுத்துக்காட்டு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 'இந்து நேசன்' இதழை நடத்திய அவர் 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு உள்ளிட்டோர் கைதானார்கள். ஜூரி விசாரணையிலேயே நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945-இல் ஆயுள் தண்டனை. சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்த மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி உயர் நீதிமன்றத்துக்கே திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை செய்யப்பட்டார்கள். பாகவதரின் திரைவாழ்வு அதன்பின் பழைய உயரத்தை எட்டவேயில்லை. கிருஷ்ணன் மீண்டும் நடித்தார், படமும் இயக்கினார்.

விசாரணை தொடங்குமுன், வழக்கு நடத்தப் போதிய முகாந்திரம் இல்லையென்று அனுப்பிவிடுவது விடுவித்தல். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், செஷன்ஸ் வழக்கில் அதற்குப் பிரிவு 250. விசாரணைக்குப் பிந்தைய தீர்ப்புக்குப் பிரிவு 258. வேறுபாடு பெரியது. விடுதலைத் தீர்ப்பு நிலைத்திருக்கும்வரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கப் பிரிவு 337 தடை விதிக்கிறது. விடுவிக்கப்பட்டவருக்கு அந்தக் காப்பு இல்லை.

பேச்சுவழக்கில் இந்தக் கோடுகள் அழிந்துவிடுகின்றன. சம்பந்தப்பட்டவர்களுக்கு அது அநீதியாகவும் முடியலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை செய்தது. 2022 மே 18-இல் அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவின்கீழ், அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனை விடுதலை செய்ததும் அதே நீதிமன்றம்தான். ஆனால் அது சிறையிலிருந்து கிடைத்த விடுதலை, குற்றத்தீர்ப்பு ரத்தாகவில்லை. தலைப்புச் செய்திகளில் இரண்டுக்கும் ஒரே சொல்.

தீர்ப்பின் வாசகமும் ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிக்கும். 'சந்தேகத்தின் பலன்' அளித்து விடுதலை செய்யப்பட்டவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் தப்பியவரையும், தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகள் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதுகின்றன. 'கண்ணியமான விடுதலை' என்ற தொடர் நடைமுறைச் சட்டத்தில் கிடையாது என்று 2012-இல் தமிழகக் காவலர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசுத் தரப்புச் சான்றுகளை முழுமையாக ஆராய்ந்து, குற்றச்சாட்டை நிரூபிக்க அரசுத் தரப்பு அறவே தவறியது என்று கண்டால் அப்படிக் கொள்ளலாம் என்பது அந்தத் தீர்ப்பு தந்த விளக்கம்.