கப்பலேறி வந்த சோளம்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, வானம் பார்த்த கரிசல் பூமியாகக் கிடக்கும் குன்னம் வட்டாரத்தில், மழைக்காலத்தில் எந்தத் திசையில் நடந்தாலும் மக்காச்சோளம் ஆளுயரம் நின்று கண்ணை மறைக்கிறது. கம்பும் சோளமும் வரகும் உண்டு ஜீவித்த இந்தச் சீமையின் பிள்ளைகளில் பலர், அறுபது வருஷங்களுக்கு முன்னர், இந்தத் தானியத்தை முதன்முதலில் பள்ளிக்கூடத்து அடுப்பில் வெந்த மாவாகத்தான் கண்டிருப்பார்கள். அது அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த மாவு.

பள்ளியில் சோறிடும் வழக்கத்தைச் சென்னை மாநகராட்சி 1920ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிவைத்தது. கிராமங்களுக்கு அது வந்துசேர காமராஜர் முதலமைச்சராக வேண்டியிருந்தது. 1956இல், பாரதி பிறந்த எட்டயபுரத்திலிருந்து பரவத் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று ஜனங்களிடம் வேண்டிக்கொண்டதன் பேரில், ஒருவர் அரிசியும் மற்றொருவர் விறகும் வேறொருவர் காய்கறியுமாகக் கொடுத்து நடந்த தர்ம காரியமாகவே ஆரம்பித்தது. ஆனால் தர்மம் என்பது மழையைப் போன்றது. மழை பொய்த்த வருஷத்தில் அதுவும் பொய்க்கும், அந்த வருஷத்தில்தான் பிள்ளையின் பசியும் அதிகமாயிருக்கும்.

இரண்டாவது உலக யுத்தத்தில் நைந்துபோன ஐரோப்பாவுக்கு உணவுப் பொட்டலம் அனுப்புவதற்காக 1945இல் அமெரிக்காவில் தோன்றிய ‘கேர்’ ஸ்தாபனம், 1961 முதல் நம் பள்ளிகளுக்குப் பால் பவுடரும் எண்ணெயும் மக்காச்சோள மாவும் அளித்தது. அதற்குப் பின்னே நின்றது, 1954இல் ஐசனோவர் கையெழுத்திட்ட பி.எல். 480 என்னும் சட்டம்; பசித்தவர்மீது இரக்கம் என்பதோடு, அமெரிக்கக் களஞ்சியங்களில் தேங்கிய தானியத்திற்கு ஒரு போக்கிடம் வேண்டும் என்பதும் அதன் நோக்கமாயிருந்தது. உபகாரம் செய்தவரை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. உண்ட வாய் வாழ்த்தத்தான் வேண்டும். ஆயினும் 1965, 66ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து தேசமே தவித்திருந்தபோது, ஜனாதிபதி ஜான்ஸன், நமது விவசாயக் கொள்கை மாறுகிறதா என்று பார்த்தும், வியட்நாம் யுத்தத்தைப் பற்றி நமது அரசாங்கம் சொன்ன வார்த்தைகளில் மனம் கசந்தும், கோதுமைக் கப்பல்களைச் சிறுகச் சிறுக விடுவித்துக்கொண்டிருந்ததை மறப்பதற்கில்லை. கொடுப்பவனுடைய முகக்குறிப்பைப் பார்த்துச் சாப்பிடும் சோறு உரிமையாகாது.

உணவு மனிதனின் உரிமை என்பதை 1948இலேயே சர்வதேச மனித உரிமைப் பிரகடனத்தின் 25ஆம் ஷரத்து ஏற்றுக்கொண்டிருந்தது. 1966இன் பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தது. அபிவிருத்தியே ஓர் உரிமை என்று 1986இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பிரகடனம் செய்தது. வாசகங்கள் அழகானவைதாம், அவற்றால் எந்தப் பள்ளியிலும் உலை கொதித்துவிடவில்லை.

உலை வேறு வழியாகக் கொதித்தது. 1982 ஜூலை 1ஆம் தேதி, திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பாப்பாக்குறிச்சியில் எம். ஜி. ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்; குன்னமும் அந்நாளில் அந்த ஜில்லாவுக்கே உட்பட்டது, பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல்தான். இவ்வளவு பணத்திற்கு எங்கே போவது என்று நிதி நிபுணர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானதே. எனினும், பெரும்பாலும் மாநிலத்தின் சொந்தப் பொக்கிஷத்தை நம்பி அந்தத் திட்டம் நின்றதனால்தான், பின்னால் வந்த எந்த ஆட்சியும் அதைக் குறைக்கத் துணியாமல், முட்டையைச் சேர்த்துப் பெருக்கவே நேர்ந்தது.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 2001 நவம்பர் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தேசமெங்கும் அரசாங்க ஆரம்பப் பள்ளிகளில் குறைந்தது 300 கலோரி கொண்ட சமைத்த உணவு வழங்கப்படவேண்டும் என்று உத்தரவிட்டது. 2004இல், சமையல் வேலையில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்றும் சொல்லியது; அவர்கள் கையால் பரிமாறியதை உண்ண மறுத்த மேல்சாதி வீட்டார் நம் மாநிலத்திலும் இருந்தார்கள் என்பது வெட்கப்படவேண்டிய சங்கதி. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, உரிய உணவு கிடைக்காமற்போனால் அதற்கு ஈடாகப் பணப்படி கொடுக்கவேண்டும் என்று எழுதிவைத்தது. என் அபிப்பிராயத்தில், இந்த நீண்ட சரித்திரத்தில் பெரிய மாறுதல் அந்தச் சிறிய ஷரத்துதான். ஏனென்றால், முன்பு சோறு வராத நாளில் பிள்ளை தண்ணீரைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனது, இப்போது சோறு ஏன் வரவில்லை என்று அதன் தாய் கணக்குக் கேட்கலாம்.

குன்னம் கரிசலில் விளையும் மக்காச்சோளம் இப்போது லாரி ஏறி நாமக்கல்லுக்குப் போய்க் கோழித் தீனியாகிறது. அந்தப் பண்ணைகளின் முட்டைதான் சத்துணவுக் கூடத்துத் தட்டில் சோற்றின்மேல் வைக்கப்படுகிறது.