எழுத்தும் அசையழுத்தமும்: ஸ்பானிய மொழியினரின் வாசிப்புத்திறன் அளவீட்டு வரலாறு

முன்னுரை

வாசிப்பும் அறிதிறனும் ஒன்றோடொன்று தொடர்புடையன. எனினும் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளக்கும்போது மொழியின் இயல்பு கருதப்படல் வேண்டும். ஸ்பானிய மொழியினர்க்கான அளவீடுகளின் வரலாறு இதனைப் புலப்படுத்துகிறது.

மொழிச் சிக்கல்

அமெரிக்காவில் ஸ்பானியம் பேசும் குழந்தைகளை ஆங்கிலச் சோதனைகளால் மதிப்பிடுவதன் பிழையை 1934இல் கல்வியாளர் ஜார்ஜ் சான்செஸ் எடுத்துரைத்தார். ஆயினும் அவ்வழக்கம் நீடித்தது. ஆங்கிலச் சோதனை மதிப்பெண்களால் மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் சேர்க்கப்பட்ட மெக்சிகோ வழிக் குழந்தைகள் ஒன்பதின்மர் சார்பில் கலிபோர்னியாவில் தொடுக்கப்பட்ட டயானா வழக்கு, 1970இல் உடன்பாட்டில் முடிந்தது. தாய்மொழியிலும் சோதித்தல் வேண்டும் என்பது அதனால் ஏற்கப்பட்டது.

எழுத்துச் சிக்கல்

தாய்மொழிக்குப் பெயர்த்தல் மட்டும் போதுமானதன்று. மறதிநோய்க்கு முன் ஒருவர்க்கிருந்த அறிதிறனை மதிப்பிட, 1982இல் ஹேசல் நெல்சன் 50 ஆங்கிலச் சொற்கள் கொண்ட வாசிப்புச் சோதனையை வெளியிட்டார். எழுத்துக்கூட்டினால் பிழைபடும் அச்சொற்களை முன்பே அறிந்தவரே சரியாக ஒலிக்க இயலும். நோயின் தொடக்கநிலையில் இவ்வறிவு பெரிதும் குன்றுவதில்லை என்பதே இதன் அடிப்படை. ஸ்பானியத்திலோ எழுத்து ஒலியைத் தெளிவாகக் காட்டுவதால், அறியாத சொல்லையும் பிழையின்றி வாசிக்கலாம்.

இதற்குத் தீர்வாக ஸ்பெயினில் தெல் செர் குழுவினர் 1997இல் சொல் அழுத்தச் சோதனையை வெளியிட்டனர். அருகி வழங்கும் 30 சொற்கள் அழுத்தக்குறியின்றிப் பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டன. அக்குறி நீங்கினால் அழுத்தம் பெறும் அசை எதுவென எழுத்து காட்டாது. சான்றாக, ‘சபனா’ என்னும் எழுத்துவடிவம் முதலசை அழுத்தம் பெற்றால் படுக்கை விரிப்பையும், இரண்டாமசை பெற்றால் புல்வெளியையும் குறிக்கும். சோதனைச் சொற்களிலும் சொல்லறிவே அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது.

கல்விச் சிக்கல்

சொல்வழக்கு நாட்டுக்கு நாடு வேறுபடும். எனவே 2000இல் புவனெஸ் ஐரெஸ் வடிவமும் 2006இல் சிகாகோ வடிவமும் வெளிவந்தன. எனினும் ஒரு வரம்பு எஞ்சுகிறது. அருஞ்சொல்லறிவு பெரிதும் வாசிப்பால் வருவது. பள்ளி செல்லும் வாய்ப்பற்ற முதியவர் குறைந்த மதிப்பெண் பெறுவது அறிதிறன் குறைவுக்குச் சான்றாகாது.

முடிவுரை

மொழி, எழுத்து, கல்வி ஆகிய மூன்றையும் கருதாத அளவீடு, வாய்ப்பின்மையை நோயாகவோ குறைபாடாகவோ பதிவு செய்துவிடும். மதிப்பெண்ணோடு கல்விப் பின்னணியையும் இணைத்து நோக்குவதே முறையாகும்.