துண்டும் தகைமையும்

லக்கல, றத்தோட்டை மலைச்சாரல்கள் அடங்கிய மாத்தளை மாவட்டத்திற்கு, 19ஆம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து வடபாதை வழியே தமிழகத் தொழிலாளர் கால்நடையாக வந்தனர். அவர்தம் உழவறிவையும் கைத்திறனையும் பெருந்தோட்ட மூலதனம் தகைமையாக ஏற்கவில்லை. அது அங்கீகரித்த சான்று ‘துண்டு’ ஒன்றே. கடனைச் செலுத்தினால் ஆளை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிய சீட்டு அது. அஃதின்றிப் பிற தோட்டத்தில் வேலை பெறுதல் அரிது.

1921இல் துண்டுமுறை ஒழிந்தது. சான்று கேட்கும் அதிகாரம் ஒழியவில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், மணமானோரிடம் 7, மணமாகாதோரிடம் 10 ஆண்டுத் தொடர்வதிவை நிரூபிக்கக் கோரியது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோரில் பலரின் நாடற்ற நிலை 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள்வரை நீடித்தது. எனவே, எது தகைமை என்பதைத் தொழிலாளியின் உழைப்பன்று, சான்றை ஏற்கும் வர்க்கத்தின் நலனே தீர்மானித்துள்ளது.